எங்கள் போர் முடிந்தபோது யாழ்ப்பாணத்தில் கொண்டாடினார்களா?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன். நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று நீங்களே பாருங்கள். நீங்கள் கனடாவில் இருக்கிறீர்கள். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் உலகப் போர் முடிந்த பாடம் நடக்கிறது. 1945 மே 8 அன்று லண்டன் வீதிகளில் சனம் ஆடிப் பாடிய படங்களைப் பார்த்துவிட்டு வந்து, "எங்கட போர் முடிஞ்ச அண்டைக்கு யாழ்ப்பாணத்தில என்ன செய்தவை, அம்மா?" என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் தொண்ணூறுகளிலேயே வெளிக்கிட்டுப் போனவர் என்பதால் என்ன சொல்வதென்று தெரியவில்லை என்கிறீர்கள். "கொண்டாடினார்களா, இல்லையா?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர் முடிந்த 2009 மே மாதத்தில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்பது ஒன்று. சமாதானம் வந்துவிட்டதென்று எங்கள் சனம் எப்போதாவது மனம் விட்டுச் சந்தோஷப்பட்டதா என்பது மற்றது. முதலாவதற்குப் பதில் சிறியது. இரண்டாவதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பல வருடங்கள் வரலாறு படிப்பித்தவன். இடம்பெயர்ந்த காலங்கள் தவிர ஊரை விட்டுப் போகவில்லை. பிள்ளைகளை அவரவர் வீட்டுப் பெரியவர்களிடம் கதை கேட்டு எழுதி வரச் சொல்வது என் வழக்கம். அந்தக் கொப்பிகளில் வாசித்ததும் இந்தப் பதிலுக்குள் இருக்கிறது. எது ஆவணத்தில் உள்ளது, எது நான் கண்டது, எது பிறர் சொல்லிக் கேட்டது என்பதை முடிந்தவரை பிரித்துச் சொல்கிறேன். சுருக்கமான பதில் இதுதான். போர் முடிந்த 2009இல் யாழ்ப்பாணம் கொண்டாடவில்லை. ஆனால் அதற்கு முன்னர் மூன்று தடவை, போர் முடிந்துவிட்டதென்று நம்பி, உண்மையாகவே கொண்டாடியது: 1987இல், 1995இன் தொடக்கத்தில், 2002இல். அந்த மூன்று தடவையும் சனம் சந்தோஷப்பட்டது பாதை திறந்ததற்கும், சாமான் வந்ததற்கும், பிரிந்திருந்த ஆட்களை மறுபடி கண்டதற்கும்தான். யார் வென்றார் என்பது அதில் பெரிதாக இருக்கவில்லை.

மகளின் பாடத்திலிருந்தே தொடங்குவோம். 1945 மே 8 அன்று பிற்பகல் 3 மணிக்குப் பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில் வானொலியில் பேசினார். அரண்மனை வாசலில் பெருங்கூட்டம் கூடியது. அரச குடும்பம் திரும்பத் திரும்ப வெளியே வந்து கை காட்டியது. இரவு இளவரசி எலிசபெத்தும் தங்கையும் கூட்டத்தோடு கூட்டமாக வீதியில் நடந்தார்கள். போர்க்காலத்தில் இருளில் கிடந்த நகரத்தின் பெரிய கட்டடங்களுக்கு வெளிச்சம் போட்டார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்தப் படங்களில் இல்லாத சில விஷயங்களையும் மகளுக்குச் சொல்லுங்கள். ஜப்பானுடனான போர் ஓகஸ்ட் வரை நடந்தது. பிரித்தானியாவில் உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது. முதலாம் உலகப் போரின் முடிவை 1919 ஜூலை 19 அன்று சமாதான நாளாகக் கொண்டாடியபோது, லூட்டன் என்ற ஊரில் முன்னாள் படைவீரர்களின் கோபம் கலவரமாகி, நகர மண்டபமே எரிந்துபோனது. வென்ற நாட்டிலேயே எல்லாரும் ஒரே மனநிலையில் இருக்கவில்லை. இரண்டாம் போர் எங்களையும் தொட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு போட்டன. பலாலி விமானத்தளம் அந்தப் போர்க் காலத்தில் போடப்பட்டதுதான். பிறகு எங்கள் போரில் அந்தத் தளம் எவ்வளவு பெரிய இடத்தைப் பிடித்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, 1987க்கு வருவோம். அந்த வருடம் மே 26 அன்று வடமராட்சியில் இராணுவத்தின் பெரிய நடவடிக்கை தொடங்கியது. சனம் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் போய் ஒதுங்கியிருந்தது. ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்துக்கு மேலே வந்து உணவுப் பொதிகளைப் போட்டன. ஜூலை 29 அன்று கொழும்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கொழும்பில் அன்று ஊரடங்கும் கலவரமும். மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது ஒரு கடற்படைச் சிப்பாய் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கியால் அடிக்கப் பார்த்தான். அதே நாட்களில் யாழ்ப்பாணத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. பலாலியில் வந்து இறங்கிய இந்தியப் படையினருக்குச் சனம் மாலை போட்டது, பொட்டு வைத்தது, இளநீர் வெட்டிக் கொடுத்தது. இது எழுத்திலும் படங்களிலும் இருக்கிறது, நானும் கண்டேன். அகதியாக இருந்தவர்கள் மூட்டை கட்டி வீட்டுக்குத் திரும்பினார்கள். ஷெல் சத்தம் இல்லாத இரவு என்பதே பெரிய கொண்டாட்டமாக இருந்தது என்று பிறகு பலர் சொன்னார்கள். ஓகஸ்ட் 4 அன்று சுதுமலை அம்மன் கோயில் முன்றலில் புலிகளின் தலைவர் பிரபாகரன் பேசியபோது கூடிய கூட்டத்தைக் கண்டவர்கள் அதை மறக்கவில்லை. அங்கே போனவர்களில் பலர் சந்தோஷமும் பயமும் கலந்துதான் திரும்பினார்கள். இது என் அபிப்பிராயம்.

அந்தச் சமாதானம் மூன்று மாதம்கூட நிற்கவில்லை. செப்டெம்பரில் நல்லூர்க் கோயில் வீதியில் புலிகளின் திலீபன் தண்ணீரும் குடிக்காமல் உண்ணாவிரதம் இருந்து 26ஆம் திகதி இறந்தார். ஒக்டோபர் 10 அன்று இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர் தொடங்கியது. ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளரும் வைத்தியர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூலையில் மாலை போட்ட கைகள் ஒக்டோபரில் பிணம் தூக்கின. அடுத்த தடவை சமாதானம் என்ற செய்தி வந்தபோது முதியவர்கள் ஏன் வாயைத் திறக்காமல் இருந்தார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

அடுத்த தடவை 1994, 95. அதற்கு முன்பிருந்த நான்கு வருடத்தையும் மகளுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள், ஏனென்றால் அது தெரியாமல் அந்தச் சந்தோஷம் விளங்காது. 1990 ஜூன் மாதம் அரசுக்கும் புலிகளுக்கும் மறுபடி போர் தொடங்கியதோடு ரயில் நின்றது, மின்சாரம் போனது, தெற்கே போகும் ஆனையிறவுப் பாதை மூடுண்டது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம் என்று தடைப் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில்தான் ஒரு தலைமுறை சோதனைக்குப் படித்தது. சவர்க்காரம் வாங்க முடியாதவர்கள் பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்த்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ பாடும். இரவில் பிபிசி தமிழோசை கேட்க அயலெல்லாம் ஒரு வீட்டு முத்தத்தில் கூடும். கொழும்புக்குப் போவதென்றால் கிளாலிக் கடலை இரவில் சின்னப் படகில் கடக்க வேண்டும். 1993 ஜனவரியில் அந்தக் கடலில் பயணம் போன சனம் கொல்லப்பட்டது. வெளிநாட்டுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் அந்தப் படகில்தான் ஊரை விட்டார்கள். உங்கள் வீட்டிலும் அந்தக் கதை இருக்கக்கூடும்.

1994 ஓகஸ்டில் சந்திரிகா குமாரதுங்க ஆட்சிக்கு வந்தார். சமாதானம் பேசுவேன் என்று சொல்லி வாக்குக் கேட்டவர். சில வாரங்களில் தடை சில பொருட்களுக்குத் தளர்ந்தது. ஒக்டோபர் நடுப்பகுதியில் அரசின் குழு ஹெலிகொப்டரில் யாழ்ப்பாணம் வந்து இறங்கியபோது சனம் திரண்டு போய் வரவேற்றது. வந்தவர்களே அந்த வரவேற்பைக் கண்டு திகைத்தார்கள் என்பதைப் பத்திரிகைகள் எழுதின. கடைகளில் 'சந்திரிகா காப்பு' என்று பெயர் வைத்து வளையல் விற்றார்கள். பெண்பிள்ளைகள் விரும்பி வாங்கிப் போட்டார்கள். ஒரு சிங்களத் தலைவரின் பெயரில் யாழ்ப்பாணத்தில் காப்பு விற்கப்பட்டது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஆனால் அது நடந்தது. 1995 ஜனவரி 8 அன்று மோதல் நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. குண்டுக்குப் பதுங்க வெட்டிய வீட்டுப் பங்கரை மண் போட்டு மூடி அதன்மேல் வாழைக்குட்டி வைத்ததாக ஒரு மாணவி தன் அப்பு சொன்ன கதையை எழுதியிருந்தாள். இப்படிச் செய்தவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல வழியில்லை. அந்தக் காலத்து மனநிலைக்கு அது பொருந்துகிறது என்று மட்டும் சொல்வேன்.

ஏப்ரல் 19 அன்று திருகோணமலையில் கடற்படைப் படகுகளைப் புலிகள் தாக்க, எல்லாம் முடிந்தது. ஜூலை 9 அன்று நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்தது. ஒக்டோபர் 30 இரவு மழைக்குள் வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனது. லட்சக்கணக்கான சனம், ஒரே பாதை. இதைப்பற்றி வேறு பலர் விரிவாக எழுதியிருக்கிறார்கள், நான் இங்கே நிற்கவில்லை.

2002இல் நடந்ததுதான் மகளின் கேள்விக்கு மிக நெருங்கிய பதில். பெப்ரவரி 22 அன்று நோர்வேயின் அனுசரணையோடு அரசும் புலிகளும் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அன்று யாழ்ப்பாணத்தில் பெரிய ஆரவாரம் ஒன்றும் இல்லை. செய்தியைக் கேட்டார்கள், தலையாட்டினார்கள், தங்கள் வேலையைப் பார்த்தார்கள். இரண்டு தடவை ஏமாந்த சனம் கடதாசியைக் கொண்டாடாது. ஏப்ரல் 8 அன்று முகமாலையில் ஏ-9 வீதி திறந்ததும்தான் சனத்துக்கு நம்பிக்கை வந்தது. அதுவரை தெற்கே போவதென்றால் திருகோணமலைக்குக் கப்பல், அல்லது பலாலியிலிருந்து விமானம். இரண்டுக்கும் அனுமதி எடுக்கவும் இடம் கிடைக்கவும் காத்துக் கிடக்க வேண்டும். இப்போது வீட்டுப் படலையில் ஏறி வவுனியாவில் இறங்கலாம். அதாவது, முகமாலையில் இறங்கி ஆமியிடம் சோதனை, நடுவில் கொஞ்சம் தூரம், பிறகு புலிகளின் சாவடியில் பதிவும் வரியும், கிளிநொச்சி தாண்டி ஓமந்தையில் மறுபடி எல்லாம் திரும்ப. வெயிலில் வரிசை நகராது. ஆனாலும் அந்த நாட்களில் அந்த வரிசையில் யாரும் சண்டை பிடித்து நான் பார்க்கவில்லை.

வீதியின் இரண்டு பக்கமும் தலையில்லாத பனைகள், மிதிவெடிக்கு மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள், நாடா கட்டிய காணிகள். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி தரைமட்டமாகியிருந்தது. அதற்குள்ளால்தான் வான்களும் பஸ்களும் வந்தன. கொழும்பில் இருந்த பிள்ளைகள் தாய் தகப்பனைப் பார்க்க வந்தார்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் வாழ்ந்தவர்கள் 1995இல் விட்டுப் போன வீட்டைப் பார்க்க வந்தார்கள். 1996இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியவர்களும் வன்னிக்குள் போனவர்களும் ஆறு வருடம் முகம் பார்க்காமல் இருந்தார்கள் என்பதை வெளியில் இருப்பவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. இரண்டு இடத்துக்கும் இடையில் தூரம் ஒரு பகல் பயணம்கூட இல்லை. கொண்டாட்டம் என்றால் அந்த வருடம் நான் கண்டது இதுதான்: வீட்டுக்கு வீடு ஆட்கள் வந்து இறங்க, ஆடு அடித்து, கூழ் காய்ச்சி, விடிய விடிய முத்தத்தில் இருந்து கதைத்தது. பிந்திப்போன கலியாணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. நல்லூர்த் திருவிழா எங்கள் ஊரில் 25 நாள். அந்த வருடத் திருவிழாவுக்கு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தேர் அன்று தங்கள் பழைய வகுப்புத் தோழரை அடையாளம் கண்டு கட்டிப் பிடித்து அழுதவர்களை வீதி முழுக்கப் பார்க்கலாம்.

தெற்கிலிருந்து சிங்களச் சனமும் பஸ் பஸ்ஸாக வந்தது. நயினாதீவு நாகவிகாரைக்குப் போவதற்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் வரிசையில் நின்றார்கள். திரும்பும்போது பனங்கட்டி, நல்லெண்ணெய், திராட்சை என்று பை நிறைய வாங்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் ஐஸ்கிரீம் கடைகளிலும் அவர்கள்தான். மொழி தெரியாமலே கடைக்காரரும் அவர்களும் கையால் கதைத்து வியாபாரம் செய்தார்கள். இது சின்ன விஷயம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தெரியவில்லை. துவக்கில்லாத சிங்களவர் ஒருவரை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ட பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள்.

உடன்படிக்கை எழுத்தில் சொன்னவற்றில் சில நடந்தன. கோயில்கள், தேவாலயங்களிலிருந்து 30 நாளில், பள்ளிக்கூடங்களிலிருந்து 160 நாளில் படையினர் விலக வேண்டும் என்று அதில் இருந்தது. மீன்பிடித் தடைகளைப் படிப்படியாக நீக்க வேண்டும் என்றும் இருந்தது. இரவில் கடலுக்குப் போக முடியாமல் வருடக்கணக்கில் இருந்த கரையோர ஊர்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை. நான் பேசிய கடற்றொழிலாளர்கள் சமாதானம் எந்தத் திகதியில் வந்தது என்று கேட்டால் ஒப்பந்தத் திகதியைச் சொல்வதில்லை, தங்கள் கரையிலிருந்து இரவில் வள்ளம் இறக்கிய முதல் நாளைத்தான் சொல்வார்கள்.

ஆனால் 2002ஐப் பொற்காலம் என்று மகளுக்குச் சொல்லிவிடாதீர்கள், அது நேர்மையாக இருக்காது. பலாலியைச் சுற்றி வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயம் அப்படியே இருந்தது. 1990இல் அங்கிருந்து இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் ஊருக்குச் சில மைல் தூரத்தில், முகாம்களில், மற்றவர்கள் வீடு திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியால அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதிகளாக வாழ்ந்தார்கள். 2002க்குப் பிறகு அவர்களில் சிலர் சோனகதெருவுக்கு வந்து இடிந்த வீட்டையும் காடுபற்றிய காணியையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். எங்கள் சந்தோஷத்தைப் பற்றிப் பேசும்போது அவர்களை விட்டுவிட்டுப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தச் சமாதான காலத்திலேயே மாற்றுக் கருத்துக்காரர்கள் சுடப்பட்டார்கள், பிள்ளைகளை இயக்கத்துக்குச் சேர்ப்பதும் நிற்கவில்லை. இதையெல்லாம் அறிந்துகொண்டுதான் சனம் சந்தோஷப்பட்டது. கிடைத்த அளவு மூச்சை எடுத்துக்கொண்டது.

2006 ஓகஸ்ட் 11 அன்று முகமாலையில் சண்டை தொடங்கி வீதி மறுபடி மூடியது. அன்றிலிருந்து யாழ்ப்பாணம் கப்பலை நம்பி வாழ்ந்தது. வரிசை, ஊரடங்கு, ஆட்களைக் கடத்திய வெள்ளை வான், காணாமல் போனவர்கள். இந்த மனநிலையோடுதான் யாழ்ப்பாணம் 2009க்குள் போனது.

இப்போது உங்கள் நேரடிக் கேள்வி. 2009 மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. மறுநாள் நாடாளுமன்றத்தில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச வெற்றியை அறிவித்துப் பேசினார். தொடக்கத்தில் சில வசனங்கள் தமிழிலும் பேசினார். தெற்கில் வெடி கொளுத்தினார்கள், தேசியக் கொடி பறக்கவிட்டார்கள், வீதியில் பாற்சோறு காய்ச்சிப் பகிர்ந்தார்கள். ஜூன் 3 அன்று காலிமுகத்திடலில் வெற்றி அணிவகுப்பு நடந்தது. இவை எல்லாம் ஆவணத்தில் இருப்பவை. யாழ்ப்பாணத்தில், நான் போய் வந்த வீதிகளில், வெடிச்சத்தம் படைமுகாம் பக்கங்களிலிருந்துதான் கேட்டது. வீடுகளில் சனம் ரேடியோவையும் போனையும் வைத்துக்கொண்டு இருந்தது. ஏனென்றால் வன்னிக்குள் ஒவ்வொருவருக்கும் யாரோ ஒருவர் இருந்தார்: தங்கை, மருமகன், பெரியம்மா, கூடப் படித்தவன். அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதுதான் அந்தக் கிழமைகளின் ஒரே கேள்வி. 280,000க்கு மேற்பட்டவர்கள் முகாம்களுக்குள் இருந்தார்கள், பெரும்பாலானோர் செட்டிகுளம் மெனிக் பாமில். அங்கே இருப்பவர்களின் பெயர் எழுதிய துண்டுகள் கைக்குக் கை மாறின. ஒரு பெயர் இருந்தால் அழுகை, இல்லாவிட்டால் இன்னொரு அழுகை. இறந்தவர்களின் எண்ணிக்கை இன்றுவரை தகராறில் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல், பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது. அரசு அதை ஏற்கவில்லை. மகளுக்குச் சொல்லும்போது இரண்டையும் சொல்லுங்கள்.

இதில் ஒரு விஷயத்தில் நான் கவனமாக இருக்க விரும்புகிறேன். சந்தோஷம் இருக்கவில்லை என்று சொல்வது சரி. நிம்மதி கொஞ்சமும் இருக்கவில்லை என்று சொல்வது சரியல்ல. இனி ஷெல் விழாது, இனிப் பிள்ளையைக் கட்டாயமாகப் பிடிக்க மாட்டார்கள் என்ற எண்ணம் பலருக்குள் இருந்தது. அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டார்கள், ஏனென்றால் அடுத்த வீட்டில் இழவு. தன் நிம்மதிக்காகத் தன்மேலேயே கோபப்பட்டவர்களை நான் அறிவேன். அதேபோலத் தெற்கில் பாற்சோறு காய்ச்சியவர்கள் எல்லாரும் எங்கள் சாவைக் கொண்டாடினார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் நான் ஏற்பதில்லை. மகன் உயிரோடு வீட்டுக்கு வருவான் என்று அழுத சிப்பாயின் தாயும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். குண்டு வெடிக்குமோ என்ற பயமில்லாமல் இனி பஸ்ஸில் ஏறலாம் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்த நாளில் வடக்கில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அறிய விரும்பாமல் கொண்டாடியவர்களும் நிறைய இருந்தார்கள், அது எங்களுக்கு வலித்தது, இன்னும் வலிக்கிறது.

மகளின் ஆசிரியர் ஒப்பிட்டு எழுதச் சொன்னால் லண்டனோடு ஒப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள். லண்டனில் கொண்டாடியவர்கள் கடலுக்கு அப்பால் இருந்த எதிரியை வென்றவர்கள். உள்நாட்டுப் போரின் முடிவை உள்நாட்டுப் போரின் முடிவோடு ஒப்பிடுவதுதான் பொருத்தம். ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் முடிந்ததும் 1939 மே 19 அன்று பிராங்கோ மட்ரிட் நகரத்தில் பெரிய வெற்றி அணிவகுப்பு நடத்தினார். வீதியில் கூட்டம் நிறைந்து நின்றது, தோற்ற பக்கத்துக் குடும்பங்களில் ஆட்கள் சிறையிலும் அகதி முகாம்களிலும் இருந்தார்கள். இரண்டு நாட்டு ஆட்சியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒரே நாட்டுக்குள் ஒரே நாள் ஒருவருக்கு விழாவாகவும் மற்றவருக்குத் துக்கமாகவும் இருக்க முடியும் என்பதைப் பிள்ளை அதிலிருந்து விளங்கிக்கொள்வாள். 1945 மே 8 அன்று பெர்லினில் யார் ஆடினார்கள் என்று ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள், நல்ல வகுப்பாக இருக்கும்.

2009க்குப் பிறகு சந்தோஷமே வரவில்லையா என்றால், வந்தது. அது துண்டு துண்டாக, ஊருக்கு ஒரு நாளில் வந்தது. 2010 அளவில் ஏ-9 வீதி தடையில்லாமல் ஓடத் தொடங்கியது. 2014 ஒக்டோபர் 13 அன்று யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. 1990இல் நின்ற ரயில். இடையில் தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் கழற்றிப் பங்கர் கட்டியிருந்தார்கள். ரயிலையே காணாமல் வளர்ந்து கலியாணம் கட்டியவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கடவையில் நின்று பார்த்தார்கள். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சுற்றிய கொஞ்சக் காணியும் விடுவிக்கப்பட்டன. 27 வருடம் கழித்துத் தங்கள் கரைக்குப் போன சனம் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியது. முழு ஊரும் விடுபடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தங்கள் வீட்டுக் கூரையைக் காட்டியவர்கள் இருந்தார்கள். அப்படியிருந்தும் அன்று அவர்கள் கொண்டாடினார்கள். மே 18 வந்தால் வடக்கில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்கள். கடைசி நாட்களில் அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியின் நினைவாக அது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8 இரவு இடித்தார்கள்; மாணவர்கள் போராட, அதே வருடம் ஏப்ரலில் மறுபடி கட்டித் திறந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 தொடக்கம் வீதியோரக் கொட்டில்களில் இருந்து போராடுகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை எந்தத் திகதியிலும் எதுவும் முடியவில்லை.

நான் சொன்னதில் எதை எவ்வளவு நம்பலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். திகதிகள், ஒப்பந்தங்கள், பாதை திறந்ததும் மூடியதும் உறுதியானவை. மாலை போட்டதும் சந்திரிகா காப்பும் அந்தக் காலத்துப் பத்திரிகைகளிலும் பலர் நினைவிலும் இருப்பவை. ஆனால் சனம் உள்ளுக்குள் என்ன நினைத்தது என்று நான் எழுதியதெல்லாம் என் கண்ணும் என் மாணவர்களின் கொப்பிகளும் தந்தது. நான் பெரும்பாலும் வலிகாமத்தில் இருந்தவன், பள்ளிக்கூடம் சார்ந்த ஆட்களோடு பழகியவன். தீவகத்தில் அல்லது வடமராட்சி கிழக்கில் இருந்த ஒருவர் இதே வருடங்களை வேறு மாதிரிச் சொல்லக்கூடும், அதையும் கேளுங்கள்.

தங்கச்சி, மகளின் பாடத்துக்கு இந்தப் பதிலைவிட நல்ல சான்று உங்கள் சொந்தக்காரரிடம் இருக்கிறது. 2002இல் ஊரில் இருந்தவர்கள் யாராவது இருந்தால், வீதி திறந்ததும் முதலில் எங்கே போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள், என்ன கொண்டு போனீர்கள் என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். 'எப்படி உணர்ந்தீர்கள்' என்று கேட்டால் எங்கள் ஆட்கள் ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள்; என்ன செய்தீர்கள் என்று கேட்டால் நிறுத்தாமல் கதைப்பார்கள். வன்னியிலிருந்து 2009இல் வெளியே வந்தவர்கள் குடும்பத்தில் இருந்தால் மட்டும் பிள்ளையை நேரே அனுப்ப வேண்டாம். முதலில் நீங்கள் போன் எடுத்து, இப்படி ஒரு பாடம் நடக்கிறது, சொல்ல விருப்பமா என்று கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சொல்கிறேன் என்றால் நீங்களும் பக்கத்தில் இருங்கள், திகதியும் எண்ணிக்கையும் கேட்டு இடைமறிக்க வேண்டாம், அவற்றைப் பிறகு நான் சரிபார்த்துத் தருகிறேன்.